முப்பத்தேழாவது டீ

ஹைதராபாத் மெட்ரோ உப்பலில் நின்றபோது மணி பத்து நாற்பத்தேழு. ஜெகதீஸ்வரன் பெட்டி காலியாகும்வரை இருந்து கடைசியாக இறங்கினார். சுற்றுலாக் குழுக்களை அழைத்துப் போகிறவரின் பழக்கம் அது. பத்தொன்பது வருஷமாக அவர்தான் கடைசியாக இறங்குகிறவர், கடைசியாக ஏறுகிறவர். இறங்கியதும் திரும்பி இருக்கைகளைப் பார்த்தார். யாரோ தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கதவு மூடிக்கொண்டது.

நகரும் படி ஓடவில்லை. வலது முழங்காலில் நீலப் பட்டை கட்டியிருந்தார். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி ஒவ்வொரு படியாக இறங்கினார். மே மாத வெயில் பாலத்துக்கு அடியிலும் இருந்தது. ஷேர் ஆட்டோக்காரன் கூப்பிட்டான். அதில் காலை மடக்கி உட்கார வேண்டும். நடந்தார்.

தோள்பையில் ஒரே ஒரு காகிதம். நேற்றுச் சாயங்காலம் அலுவலகத்தில் முதலாளி ராகவேந்திரா கொடுத்தது. ஆங்கிலத்தில் ஆறு வரி. எகிசைம் கிராமத்தில் என் சொந்த விருப்பத்தின்பேரில் குழுவைவிட்டுத் தங்கிவிட்டேன், சுற்றுலா மேலாளர்மீது எந்தத் தவறும் இல்லை. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. கோட்டின் அடியில் லலிதாம்பாள் என்ற பெயர்.

“இது பொய்தானே?” என்று கேட்டிருந்தார் ஜெகதீஸ்வரன்.

“பொய்யோ நெஜமோ, எனக்குக் கையெழுத்து வேணும் ஜெகதீஸ் காரு. அந்தம்மா பையன் கன்ஸ்யூமர் கோர்ட்டுன்னு மெயில் போட்டிருக்கான். திங்கட்கிழமை காலைல பேப்பர் என் டேபிள்ல இருந்தா வெள்ளிக்கிழமை குரூப்பை நீங்க கூட்டிட்டுப் போறீங்க. இல்லைன்னா ஷ்யாம் போவான். அப்புறம் எப்பவும் ஷ்யாம்தான்.”

ஷ்யாமுக்கு இருபத்தேழு வயது. முழங்கால்கள் நன்றாக இருந்தன. ஆட்களை எண்ணுவதற்குச் செல்போனில் ஏதோ வைத்திருந்தான்.

பத்மாராவ் நகர் வீட்டில் மனைவி வள்ளியம்மாள் பெட்டியை அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தாள். வெள்ளிக்கிழமை போகவில்லை என்றால் அந்தப் பெட்டியை என்ன செய்வது என்று அவள் கேட்கவில்லை. ஐம்பத்துமூன்று வயதில், இந்தக் காலோடு, வேறு எங்கே வேலை கிடைக்கும் என்றும் கேட்கவில்லை. சட்டையை மட்டும் இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

நடந்தது சிக்கலான விஷயம் இல்லை. பன்னிரண்டு நாள் சுற்றுலா. பாரிஸில் தொடங்கி ஸ்ட்ராஸ்பூர், எகிசைம், கொல்மார், லியோன் என்று தெற்கே கடற்கரை வரை. பதினெட்டுத் தம்பதிகள், தனியாக வந்த லலிதாம்பாள், ஆக முப்பத்தேழு பேர். எந்த நாட்டில் இருந்தாலும் அவர்களுக்குச் சாதமும் பருப்பும் வேண்டும் என்பதால் கூடவே சமையல்காரர் பூபாலன்.

முதல் பத்து வருஷம் ஜெகதீஸ்வரன் தலை எண்ணினார். பஸ்ஸில் முன்னிருந்து பின்வரை நடந்து ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவை. முழங்கால் போன பிறகு ஜோடி முறைக்கு மாறினார். இருந்த இடத்திலேயே மைக்கைப் பிடித்து, “உங்க ஜோடி பக்கத்துல இருக்காங்களா?” என்று கேட்பார். ஜோடியைக் காணாதவர் கையைத் தூக்க வேண்டும். புருஷனைக் காணோம் என்றால் மனைவி உடனே கத்துவாள், மனைவியைக் காணோம் என்றால் புருஷன் அடுத்த ஊரில் கத்துவான் என்று சொல்வார். ஒவ்வொரு குழுவும் அதற்குச் சிரித்தது. லலிதாம்பாளுக்கு ஜோடி இல்லை. பூபாலனை ஜோடியாகப் போட்டார். அதற்கும் பஸ் சிரித்தது.

“ஆன்ட்டி, உங்க ஜோடி என்ன பண்றார்?” என்று பின்னால் இருந்து யாராவது கேட்பார்கள்.

“தூங்கறார். உப்புமாவைக் கிண்டின களைப்பு,” என்பார் லலிதாம்பாள். “சாப்பிட்ட நமக்கே இவ்வளவு களைப்பா இருக்கு. அவரைச் சொல்லணுமா?”

ஆறாம் நாள் காலையில், ஸ்ட்ராஸ்பூரிலிருந்து பூபாலனைச் சாமான் வேனில் நேராகக் கொல்மாருக்கு அனுப்பினார் ஜெகதீஸ்வரன். அன்று மத்தியானம் இரண்டு மணி ஐந்து நிமிஷத்துக்கு எகிசைமில் பஸ் கிளம்பியது. மைக்கில் கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. லலிதாம்பாளுக்காகக் கை தூக்க வேண்டியவர் ஏழு கிலோமீட்டர் தள்ளி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

கொல்மாரில் எல்லாரும் இரண்டரை மணி நேரம் அவரவர் இஷ்டத்துக்குச் சுற்றினார்கள். திரும்ப ஏறியபோதும் ஜோடிதான் கேட்டார். ஹோட்டலுக்குப் போய்ப் பூபாலன் டீ கொடுத்த பிறகுதான் தெரிந்தது. முப்பத்தேழு கப் ஊற்றி வைத்திருந்தார். ஒன்று மிச்சமாக இருந்தது.

“சார், என் ஜோடி எங்கே?” என்றார் பூபாலன்.

யாரும் சிரிக்கவில்லை.

டாக்ஸி பிடித்து ஜெகதீஸ்வரன் எகிசைம் போய்ச் சேர்ந்தபோது ஐந்து நாற்பத்தைந்து. சதுக்கத்தில் நீரூற்றுக்குப் பக்கத்தில், கல் பெஞ்சில், லலிதாம்பாள் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. “வந்துட்டீங்களா தம்பி,” என்றார். பக்கத்தில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டார். ஜெகதீஸ்வரன் உட்காரவில்லை. டாக்ஸி நிற்கிறது என்றார்.

இப்போது ராமந்தாபூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி மூன்றாவது தெருவில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தார். பச்சை கேட். கேட்டுக்கு முன்னால் தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கார். வரச் சொல்லியிருந்த மகன் வந்தாயிற்று என்று தெரிந்தது. தனியாகப் பேச முடிந்தால் நல்லது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார்.

கதவைத் திறந்தவன் மகன்தான். கிரி. முப்பத்தாறு, முப்பத்தேழு இருக்கும். மாதாப்பூரில் மென்பொருள் வேலை. குடியிருப்பதும் அங்கேயேதான். அம்மாவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறவன்.

“உள்ளே வாங்க சார். ஃபேனுக்குக் கீழே உக்காருங்க.”

கோபக்காரனாக இருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவன் மரியாதையாக இருந்தான்.

லலிதாம்பாள் சமையலறையிலிருந்து எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்தார். அறுபத்தாறு வயது, குட்டையான உடம்பு, நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய கொண்டை. டம்ளரை வைத்துவிட்டு ஜெகதீஸ்வரனின் காலைப் பார்த்தார்.

“பட்டை லூசாயிடுச்சு தம்பி. வேற வாங்குங்க.”

“வாங்கணும்மா.”

“பிரான்ஸ்லயே சொன்னேன்.”

“அம்மா, நீ உக்காரு. நான் பேசறேன்,” என்றான் கிரி. லலிதாம்பாள் உட்காரவில்லை. சமையலறை வாசல் நிலையில் சாய்ந்துகொண்டார்.

கிரி நாற்காலியை இழுத்து எதிரே போட்டான். “சண்டை போடறதுக்கு வரச் சொல்லல சார். டெய்லி வீடியோ கால்ல பேசினாங்க. இந்த விஷயத்தை ஒரு வார்த்தை சொல்லல. உங்க வாட்ஸாப் குரூப்ல ஒரு அங்கிள் போட்டோ போட்டிருக்கார். லலிதா ஆன்ட்டி காணாம போய்க் கிடைச்ச நாள்னு. கீழே இருபது பேர் சிரிப்பு பொம்மை. உங்களுக்கெல்லாம் ஜோக்கா இருக்கா?”

“இல்ல சார்.”

“மூணு மணி நேரம் நாப்பது நிமிஷம்.”

“ஆமா சார்.”

“கழுத்துல கார்டு இருந்துச்சு. அதுல உங்க நம்பர் இருந்துச்சு. பக்கத்துல எல்லாம் கடை. யார்கிட்ட காட்டியிருந்தாலும் உங்களுக்குப் போன் பண்ணிக் கொடுத்திருப்பாங்க. இவங்களுக்கு அது தோணல. அதான் சார் எனக்குப் பயம். போன மாசம் கேஸை ஆஃப் பண்ண மறந்துட்டாங்க.”

“பால் பொங்குச்சு,” என்றார் லலிதாம்பாள். “உன் வீட்டுல பாக்கெட்டோட மைக்ரோவேவ்ல வெச்சீங்களே, அது எந்த வியாதி?”

“அம்மா.”

“சரி, பேசு.”

கிரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். அவனும் சரியாகத் தூங்கியவனாகத் தெரியவில்லை. “ரெண்டுல ஒண்ணு சார். நீங்க எண்ணாம விட்டுட்டு வந்திருந்தா அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க வருவீங்கன்னு அங்கேயே உக்காந்திருக்காங்க, அவ்வளவுதான். எனக்கு நிம்மதி. உங்க கம்பெனியை நான் பாத்துக்குவேன். இல்ல, நீங்க ஒழுங்கா எண்ணி, தேடி, அப்பவும் இவங்க வந்து சேரலைன்னா, எங்கே இருக்கோம்னே இவங்களுக்குத் தெரியலைன்னு அர்த்தம். புதன்கிழமை நியூராலஜிஸ்ட் அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கேன். இந்த வீட்டைப் பூட்டிட்டு எங்ககூடக் கூட்டிட்டுப் போயிடுவேன். பதினாலாவது மாடி. செக்யூரிட்டி இருக்கு, லிஃப்ட் இருக்கு, தனியா வெளியே போகணும்னு இல்ல.”

“கேட்டீங்களா தம்பி, லிஃப்ட் இருக்காம்,” என்றார் லலிதாம்பாள்.

ஜெகதீஸ்வரன் ஜூஸைக் குடித்தார். சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்டிருந்தது. அவருக்கு அதுதான் பிடிக்கும் என்று பன்னிரண்டு நாளில் தெரிந்துகொண்டிருந்த அம்மாள். மறதிக்காரி இதைச் செய்ய மாட்டாள் என்று நினைத்தார்.

இன்னொன்றும் அவருக்குத் தெரியும். எகிசைமில் யாரும் தொலைய முடியாது. கோட்டையைச் சுற்றி வட்டமாகக் கட்டிய ஊர் அது. வட்டத்துக்குள் வட்டமாகத் தெருக்கள். எந்தப் பக்கம் நடந்தாலும் கால் மணி நேரத்தில் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடலாம். கொல்மாரிலிருந்து டாக்ஸியில் திரும்பிப் போகும்போதே இது அவர் மனதில் ஓடியது. லலிதாம்பாள் ஏன் பஸ் நின்ற இடத்துக்கு வரவில்லை? அன்றைக்குக் கேட்கவில்லை. கேட்டால் இவர் பதிலுக்கு, நீங்கள் ஏன் எண்ணவில்லை என்று கேட்பார்.

வெளியே ஹாரன் அடித்தது. நீளமாக, விடாமல். தண்ணீர் லாரி.

“கார் தீயண்டி சார்!” என்று தெருவிலிருந்து ஒருவன் கத்தினான். காரை எடுக்கச் சொல்லி இன்னும் இரண்டு குரல்கள் சேர்ந்துகொண்டன. இந்த வெயிலில் தண்ணீர் லாரியை மறிக்கிறவனை உப்பலில் யாரும் சும்மா விட மாட்டார்கள். கிரி சாவியைத் தேடி எடுத்தான்.

“இங்கேயே இருங்க சார். எடுத்துட்டு வந்துடறேன்.”

அவன் கேட்டைத் தாண்டும்வரை ஜெகதீஸ்வரன் காத்திருந்தார். பிறகு பையைத் திறந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். விளக்கம் சொல்ல நிறைய யோசித்து வந்திருந்தார். வந்தது மூன்று வரிதான்.

“ஆபீஸ்ல கொடுத்தாங்கம்மா. நாளைக்குள்ள வேணுமாம். இல்லைன்னா என்னை எடுத்துடுவாங்க.”

லலிதாம்பாள் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். விரல் வரிக்கு அடியில் நகர்ந்தது.

“யார் எழுதினது?”

“முதலாளிதான்.”

“அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“எதும்மா?”

“நான் வேணும்னேதான் நின்னேன்னு.”

லாரி பின்வாங்கும் சத்தம் கேட்டது. யாரோ தட்டித் தட்டி வழி சொன்னார்கள். ஜெகதீஸ்வரன் டம்ளரைக் கீழே வைத்தார்.

“நான் ஜீடிமெட்லால மருந்து கம்பெனியில இருந்தேன், தெரியுமில்ல?” என்றார் லலிதாம்பாள். “பேக்கிங். முப்பத்தொரு வருஷம். கேமரா எல்லாம் வர்றதுக்கு முன்னாடி கண்ணாலதான் பார்ப்போம். பத்து மாத்திரை இருக்கிற அட்டையில ஒரு குழி காலியா இருந்தா, பெல்ட் ஓடிக்கிட்டு இருக்கும்போதே எடுத்துடணும். மொத நாள் பாரிஸ்ல நீங்க மைக்ல கேட்டீங்க பாருங்க, ஜோடி இருக்காங்களான்னு. அப்பவே எனக்கு ஓட்டை தெரிஞ்சுது. பூபாலன் இல்லாத அன்னைக்கு நான் இல்லைன்னாலும் யாருக்கும் தெரியாது.”

“மொத நாளேவா?”

“வேலை பார்த்த கண்ணு.”

“சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொல்லியிருக்கலாம்.” கண்ணாடியைக் கழற்றினார். “வெச்சுக்கிட்டேன்.”

ஜெகதீஸ்வரனுக்குக் கோபம் வர வேண்டும் என்று தோன்றியது. காத்திருந்து பார்த்தார். வரவில்லை. கால் வலித்தது.

“கைக்கும்மா இப்படிப் பண்ணீங்க?” என்றார். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவர். களைத்துப்போனால் ‘ஏன்’ என்பதற்கு வாயில் அந்த ஊர் உருதுதான் வரும்.

லலிதாம்பாள் இப்போது உட்கார்ந்தார், மகன் உட்கார்ந்திருந்த நாற்காலியில். “அஞ்சு நாளா என்ன பார்த்தோம்னு சொல்லுங்க. மோன்மார்த்ர்ல மலை ஏறினோம், போட்டோ எடுத்தோம், இறங்கினோம். ஸ்ட்ராஸ்பூர்ல அந்தத் தண்ணிக்கரை வீடுங்க, எவ்வளவு அழகு. இருபது நிமிஷம்னீங்க. அதுல பதினஞ்சு நிமிஷம் பாத்ரூம் க்யூ. ஒரு வீட்டு ஜன்னல்ல ஒரு ஆள் மேஜைமேல காலைப் போட்டுக்கிட்டுப் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தான். அவன் பக்கத்தைத் திருப்பறானான்னு பார்க்கணும்னு நின்னேன். நீங்க விசில் ஊதிட்டீங்க.”

அது நிஜம். பெதித் பிரான்ஸ் என்று அந்தக் கரைக்குப் பெயர். ஜெகதீஸ்வரனைப் பொறுத்தவரை அது ஒரு பாலமும், பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறையும். லியோனில் பழைய பேட்டை என்றால், வீடுகளுக்குள்ளேயே நுழைந்து அடுத்த தெருவுக்குப் போகும் அந்த இருட்டு வழிகளில், சத்தம் போடாதீர்கள், மேலே ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்று முப்பத்தேழு பேரிடம் கிசுகிசுப்பாகக் கத்துவது. எந்த ஊரிலும் பஸ் எத்தனை நிமிஷம் நிற்கலாம் என்று அவருக்குத் தெரியும். எந்த ஊரிலும் எந்த ஜன்னலையும் அவர் பார்த்ததில்லை. எகிசைமுக்கு இருபத்திமூன்று தடவை போயிருக்கிறார். பஸ் நிற்கும் இடத்திலிருந்து சதுக்கம் வரை போவார். அங்கே ஒரு தூணில் சாய்ந்து நிற்பார். வட்டத்தை முழுக்கச் சுற்றியது ஒரே ஒரு தடவை, முதல் வருஷம், தொலைந்துபோன ஒரு தொப்பியைத் தேடிக்கொண்டு.

“என்ன பண்ணீங்க அவ்வளவு நேரம்?” என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

“சுத்தினேன்.”

“மூணே முக்கால் மணி நேரமாவா?”

“ஆறு சுத்து. மொத சுத்துல பயம். பஸ் போற சத்தம் கேட்டுது. ஓடிப் போய்க் கையைக் காட்டலாமான்னு இருந்துச்சு. கால் நகரல. அப்புறம் நகந்துச்சு, வேற பக்கம்.” சிரித்தார். “ரெண்டாவது சுத்துல வீட்டுக் கலரெல்லாம் பார்த்தேன். நீலம், மஞ்சள், அப்புறம் நம்ம மைசூர்பாகு மாதிரி ஒரு கலர். மூணாவது சுத்துல கதவு. வாசல் கல்லுல வருஷம் செதுக்கி வெச்சிருக்காங்க தம்பி, பார்த்திருக்கீங்களா? நானூறு வருஷத்துக்கு முந்தின வருஷம். உள்ளே டிவி ஓடுது.”

“பார்த்ததில்ல.”

“ரெண்டு தெரு சேர்ற மூலையில ஒரு வீடு. தோசைக் கரண்டி அகலம்தான் இருக்கும். அதுல ஒரு அம்மா போர்வையை உதறிக்கிட்டு இருந்தாங்க. நாலாவது தடவை நான் வர்றதைப் பார்த்துட்டு என்னமோ கேட்டாங்க. எனக்கு என்ன தெரியும்? பாத்ரூம்னு சாடை காட்டினேன். உள்ளே கூட்டிட்டுப் போனாங்க. உங்க டூர்ல க்யூ இல்லாம நான் போன ஒரே பாத்ரூம் அது.”

ஜெகதீஸ்வரன் சிரித்துவிட்டார். அன்றைக்கு முதல் தடவையாக.

“அப்புறம் ஒரு துண்டு கேக் கொடுத்தாங்க. முட்டை இருந்திருக்கும், சாப்பிட்டேன். கிரிகிட்ட சொல்லிடாதீங்க. அப்புறம் அந்தப் பெஞ்சு. எதிர்ல கோயில் கூரைமேல நாரை கூடு கட்டியிருக்கு. அதுக்குத் தொண்டை இல்ல போலிருக்கு, அலகை அலகால தட்டுது. கடகடன்னு. பேக்கிங் மெஷின்ல அட்டை தீர்ந்துபோச்சுன்னா அதே சத்தம்தான் வரும். நான் ஒரு தடவை எழுந்து நின்னுட்டேன், யார் மெஷினுன்னு பார்க்க.” அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். “எழுந்திருக்க வேண்டியதில்லைன்னு தெரிஞ்சதும் உக்காந்தேன். அது எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா?”

தெருவில் தண்ணீர்க் குழாயைத் தொட்டிக்குள் விடும் சத்தம். கிரியின் குரலும் கேட்டது. யாரிடமோ தெலுங்கில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“உங்களையும் உக்காரச் சொன்னேன். நீங்க உக்காரல,” என்றார் லலிதாம்பாள்.

“டாக்ஸி நின்னுச்சும்மா.”

“டாக்ஸின்னா நிக்கும் தம்பி. அதுக்குத்தான் டாக்ஸி.”

ஜெகதீஸ்வரன் காகிதத்தைப் பார்த்தார். அது இருவருக்கும் நடுவில் மேஜைமேல் கிடந்தது. ஃபேன் காற்றில் ஒரு முனை தூக்கித் தூக்கி விழுந்தது.

“இதை அப்படியே கிரி சார்கிட்ட சொல்லிடுங்களேன். அவருக்கும் நிம்மதியா இருக்கும். மறதி இல்லைன்னு ஆயிடும்.”

“வேணும்னே நின்னேன்னு சொன்னா நிம்மதியா இருக்குமா? அம்மா புத்தி பேதலிச்சுப் போச்சும்பான். மறந்துபோய் நின்னா ஒரு டாக்டர், நெனச்சு நின்னா ரெண்டு டாக்டர். நல்ல பையன் தம்பி அவன். நான் அங்கே தங்கினா, ராத்திரி எழுந்து மூச்சு விடறேனான்னு பார்க்கிற பையன். அந்தப் பதினாலாவது மாடியில என்னைக் கண்ணுல வெச்சுப் பார்த்துக்குவான். கண்ணை விட்டு எடுக்க மாட்டான்.”

“அப்ப நான் எண்ணலைன்னு சொல்லிடறேன்.”

“எண்ணினீங்களா?”

“இல்ல.”

“எழுந்து பின்னாடி வந்தீங்களா?”

“இல்லம்மா. ரெண்டு தடவையும் எழுந்திருக்கல.” இதை அவர் வேறு யாரிடமும் சொல்லவில்லை. வள்ளியம்மாளிடம்கூட. “எழுந்திருக்கணும்னுதான் இருந்தேன். டிரைவர் கிளம்பிட்டார். உக்காந்துட்டேன்.”

லலிதாம்பாள் தலையாட்டினார். வேலையாள் ஒருவன் தவறை ஒப்புக்கொள்ளும்போது மேற்பார்வையாளர் ஆட்டுகிற மாதிரி.

“உங்க மேல வந்து விழும்னு நான் அன்னைக்கு யோசிக்கல,” என்றார். “யோசிச்சிருந்தா பஸ்ல ஏறியிருப்பேன்னு பொய் சொல்ல மாட்டேன். நின்னுதான் இருப்பேன்.”

பிறகு அலமாரியிலிருந்து பேனா எடுத்து வந்தார். காகிதம் பறக்காதபடி ஒரு கையால் அழுத்திக்கொண்டு, கோட்டின்மேல் கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். மணி போட்டார், பதினொன்று ஐம்பது என்று. தொழிற்சாலைப் பழக்கம் போலிருந்தது. இரண்டாக மடித்து அவரிடம் கொடுத்தார்.

“நான் போட்ட கையெழுத்தும் நெஜம், அதுல எழுதியிருக்கிறதும் நெஜம். எடுத்துட்டுப் போங்க.”

“இதைக் கொடுத்தா ஆபீஸ்லேர்ந்து கிரி சாருக்கு மெயில் போயிடும்மா.”

“போகும்.”

“நாளைக்கே போயிடும்.”

“தெரியும் தம்பி. நான் என் பக்கத்து வேலையை முடிச்சுட்டேன். இனிமே உங்க பக்கம்.”

ஜெகதீஸ்வரன் காகிதத்தைப் பையில் வைத்தார். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. இழுத்துப் பார்த்தார், விட்டுவிட்டார். எழுந்து போய்விடலாம். செருப்பு வாசலில் இருக்கிறது. நாளைக்குக் காலையில் காகிதம் ராகவேந்திராவின் மேஜையில் இருக்கும். வெள்ளிக்கிழமை விமான நிலையத்தில் இன்னொரு முப்பத்தைந்து பேர், ஊறுகாய் பாட்டிலைக் கைப்பையில் வைக்காதீர்கள், கழுத்துக் கார்டைக் கழற்றாதீர்கள். அடுத்த புதன்கிழமை எகிசைம். தூணில் சாய்ந்து நாற்பது நிமிஷம். இந்த வீட்டுக் கேட்டில் பூட்டுத் தொங்கும்.

எழுந்திருக்க நாற்காலிக் கையைப் பிடித்தார். கால் ஒத்துழைக்கவில்லை. மறுபடி உட்கார்ந்தார்.

கிரி உள்ளே வந்தான். பேண்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது. “அரே, அந்த லாரிக்காரன் குழாயை என் மேலேயே விட்டான்,” என்றபடி தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். தன் நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். மேஜையில் திறந்து கிடந்த பேனாவைப் பார்த்தான். எடுத்து மூடி வைத்தான். தரையிலேயே, ஜெகதீஸ்வரனின் காலடியில், நனைந்த பேண்டோடு சம்மணமிட்டு உட்கார்ந்தான். அந்த உயரத்திலிருந்து பார்த்தபோது சின்னப் பையனாகத் தெரிந்தான்.

“சார், நான் மெயிலைக் கூட வாபஸ் வாங்கிக்கறேன். கோர்ட்டெல்லாம் வேண்டாம். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும்.”

லலிதாம்பாள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். குழாயைத் திறக்கும் சத்தம் வரவில்லை. ஜெகதீஸ்வரன் பையின்மேல் கையை வைத்திருந்தார். பாதி திறந்த ஜிப்பின் வழியாகக் காகிதத்தின் ஓரம் விரலில் பட்டது.

“பஸ் கிளம்பறதுக்கு முன்னாடி,” என்றான் கிரி, “நீங்க எண்ணினீங்களா, இல்லையா?”